மலையின் கருவூலமும் மக்களின் வாழ்வும்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரை)



யூபிலி என்றதும் நம் நினைவுக்கு வருவன கொடியேற்றமும், கூட்டுத் திருப்பலியும், தேர்ப்பவனியும், அன்பின் விருந்தும். ஆனால் யூபிலி என்ற சொல்லின் பிறப்பிடம் லேவியராகமத்தின் 25-ஆம் அதிகாரம். அங்கே பேசப்படுவது நிலம். ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு தரவேண்டும். ஏழேழு நாற்பத்தொன்பது ஆண்டுகள் கழிந்து ஐம்பதாம் ஆண்டு பிறக்கும்போது, கைமாறிப்போன காணி பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும். அடிமைப்பட்டவன் விடுதலை பெற்று வீடு திரும்ப வேண்டும். நிலம் ஆண்டவருடையது, மனிதர் அதில் தங்கிப் பிழைப்பவர் மட்டுமே என்பது இச்சட்டத்தின் அடிப்படை. நிலத்தின் ஓய்வும் ஏழையின் உரிமையும் ஒரே அதிகாரத்தில் பிணைக்கப்பட்டிருப்பதை நாம் கூர்ந்து நோக்க வேண்டும்.

இன்று நமக்குத் தரப்பட்ட பொருள், காடும் மண்ணும் சேர்த்துவைக்கும் கரியினால் நம் சமுதாயத்துக்கும் பொருளாதாரத்துக்கும் விளையும் பயன்கள் யாவை என்பது. கேட்பதற்கு இது விஞ்ஞான வகுப்புப் போலத் தோன்றலாம். உண்மையில் இது அந்த 25-ஆம் அதிகாரத்தின் தொடர்ச்சியே. மலை தன்னுள் சேர்த்துவைத்திருக்கும் செல்வத்தைக் காப்பவர் யார், அதன் பலனை உண்பவர் யார் என்பதுதான் கேள்வி.

கரி என்றால் அடுப்புக்கரி மட்டுமன்று. உயிருள்ள யாவற்றின் உடலிலும் உள்ள மூலப்பொருள் அது. மரமானது காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு, சூரிய ஒளியின் துணையால், அதிலுள்ள கரியைத் தன் தண்டாகவும் கிளையாகவும் வேராகவும் ஆக்கிக்கொள்கிறது. நன்கு உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கரிதான். அதை எரித்தால் காற்றிலுள்ள பிராணவாயு அதனோடு சேர்ந்துகொள்ளும். ஆகவே ஒரு டன் உலர்ந்த விறகு எரிந்தால் ஏறத்தாழ 1.8 டன் கரியமில வாயு மீண்டும் வானில் கலக்கிறது.

மரத்தில் சேர்வது நம் கண்ணுக்குத் தெரியும். மண்ணில் சேர்வது தெரிவதில்லை. உதிர்ந்த சருகும் செத்த வேரும் மட்கி, ஒரு பகுதி கருமையான மக்காக மண்ணுக்குள் தங்கிவிடுகிறது. உலகெங்கும் ஒரு மீட்டர் ஆழத்துக்குள் உள்ள மண்ணில் ஏறத்தாழ 1,50,000 கோடி டன் கரி இருப்பதாக அறிஞர்கள் மதிப்பிட்டுள்ளனர். காற்று மண்டலத்தில் உள்ளதையும் மரஞ்செடி கொடிகளில் உள்ளதையும் சேர்த்துக் கூட்டினாலும் அவ்வளவு வராது. நாம் காலால் மிதித்து நடக்கும் மண்ணே பெரிய கருவூலம்.

தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று அது 420-ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரியும் பெட்ரோலியமும் எரிந்ததே இதற்குப் பெருங்காரணம். காடழிப்பு அடுத்த காரணம். வாயு மிகுந்ததால் பூமி சூடேறுகிறது. மழை தப்பிப் பெய்கிறது. பெய்தால் கொட்டித் தீர்க்கிறது. ஆகவேதான் காட்டிலும் மண்ணிலும் கரியைத் திரும்பச் சேர்க்கவேண்டும் என்று உலக நாடுகள் பேசுகின்றன. மரங்கள், காடுகள் வழியாகக் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவை 2030-க்குள் ஈர்க்கும் அளவுக்கு வளர்ப்போம் என்று நம் நாடு 2015-இல் அறிவித்தது. தமிழக அரசும் 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத்தின் பசுமைப் பரப்பை 23.8 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்த இலக்கு வைத்தது.

இனி நம் மலைக்கு வருவோம். கொண்டை ஊசி வளைவுகள் பதினேழையும் ஏறிப் போடிமெட்டைக் கடந்தால் கேரளத்தின் உடும்பன்சோலை தாலுகா. வரைபடத்தில் கோடு விழுந்தது, வாழ்க்கையில் விழவில்லை. தோட்டம் மேலே, வீடு கீழே. செடி மேலே, சந்தை கீழே. இன்றும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் மேலே புற்றடியிலும் கீழே நம் போடியிலும் நடைபெறுகிறது. ஏலத்தை ஏலம் விட்டு வளர்ந்த ஊர் நம் ஊர்.

ஏலச்செடிக்கு ஒரு தனிக்குணம் உண்டு. மற்றப் பயிர்களுக்காகக் காட்டை அழிக்க வேண்டும். ஏலத்துக்காகக் காட்டைக் காக்க வேண்டும். பசுமைமாறாக் காட்டின் நிழலில், சருகு மூடிய ஈரமண்ணில் பிறந்த செடி அது. பலாவும் வெள்ளகிலும் சந்தனவேம்பும் மேலே குடை பிடிக்க, அடியில் ஏலம் தட்டை விட்டுச் சரம் தள்ளும். மகரந்தம் சேர்க்கத் தேனீ வேண்டும். தேனீ தங்க மரம் வேண்டும். ஆக, நம் முன்னோர் கரியைப் பற்றி ஒன்றும் அறியாமலே, பயிரின் பொருட்டு மரத்தையும், மரத்தின் பொருட்டு மண்ணையும் காத்து வந்தனர்.

திருவிதாங்கூர் அரசு 1897-இல் ஏலமலைக் காடுகளை ஒதுக்கி அறிவிப்புச் செய்தது. நிலம் வருவாய்த் துறையிடமும் மரம் வனத்துறையிடமும் இருக்கும் இரட்டை ஆட்சி அங்கு நிலைபெற்றது. அந்த ஒதுக்கீட்டின் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்னும் வழக்கு நூறாண்டுக்குப் பின்னும் உச்சநீதிமன்றம் வரை சென்றது. இது ஏதோ பழங்கதை என்று எண்ணவேண்டாம். மரம் யாருடையது என்ற கேள்வி, நாளை அந்த மரத்திலுள்ள கரி யாருடையது என்ற கேள்வியாக மாறும். அதற்குப் பின்னர் வருவோம்.

கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் மலையின் முகம் மாறியது. ஞள்ளானி போன்ற உயர்விளைச்சல் ரகங்கள் பரவின. வெளிச்சம் கூடினால் காய் கூடும் என்று கண்டார்கள். நிழல் கவாத்து முன்னெல்லாம் கிளையோடு நின்றது. பிறகு பல இடங்களில் மரத்தையே மொட்டையாக்கும் அளவுக்குப் போயிற்று. நிழல் குறைந்த இடத்துக்கு நீர் கூடுதலாக வேண்டும், உரம் கூடுதலாக வேண்டும், பூச்சிமருந்து திரும்பத் திரும்ப வேண்டும். காயை உலர்த்த விறகும் வேண்டும். நான்கைந்து கிலோ பச்சைக்காய் ஸ்டோரில் வெந்து உலர்ந்தால்தான் ஒரு கிலோ ஏலக்காய்.

இதனால் பணம் வந்தது என்பதை நாம் மறைக்கலாகாது. விளைச்சல் கூடியபோது எடுப்பும் கூடியது. எடுப்பு கூடியபோது நம் தாய்மார்களுக்கு வேலைநாளும் கூடியது. போடி, தேவாரம், கோம்பை, கம்பம் எனப் பல ஊர்களிலிருந்தும் விடியுமுன் ஜீப்பேறி மலைக்குச் சென்ற கூலியில்தான் எத்தனையோ வீடுகளில் ஓலை போய் ஓடும், ஓடு போய்க் கான்கிரீட்டும் வந்தன. பிள்ளைகள் கல்லூரி கண்டனர். மரத்தைக் காப்பாற்றுங்கள் என்று மேடையில் பேசுவோர் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்த்துத்தான் பேசவேண்டும்.

ஆனால் கணக்கின் மறுபக்கமும் உண்டு. வெயில் நேரே படும் மண்ணில் மக்கு விரைவாகக் கரைந்து காற்றில் கலக்கிறது. மக்கு குறைந்த மண் நீரைப் பிடித்துவைப்பதில்லை. பெருமழையில் அரித்துப் போகிறது, கோடையில் பாளமாகிறது. 2018 ஆகஸ்டில் கேரளத்தைப் புரட்டிய பெருமழை ஏலமலையையும் தாக்கியது. அதைத் தொடர்ந்து மழை பொய்த்தது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை போயிற்று. உலகமே வியந்த விலை! ஆனால் செடியில் காய் இல்லை. காய் இல்லாத தோட்டத்தில் எடுப்பு இல்லை. எடுப்பு இல்லாத நாளில் கூலி இல்லை. கையில் சரக்கு இருந்தவருக்கு அது பொற்காலம். கூடை சுமந்தவருக்கு அது பட்டினிக்காலம். 2024 கோடை வறட்சியிலும் ஏலச்செடிகள் கருகியதைக் கண்டோம்.

இதிலிருந்து நாம் அறிவது ஒன்று. மண்ணில் இருக்கும் கரி வானத்துக் கணக்கு மட்டுமல்ல. அது அடுத்த மாதக் கூலியின் கணக்கும் ஆகும். நிழலும் மக்கும் உள்ள தோட்டம் உச்ச விளைச்சல் தராமற்போகலாம். ஆனால் கெட்ட ஆண்டிலும் ஒன்றுமில்லாமல் கைவிரிப்பதில்லை. பெருந்தோட்டக்காரர் இரண்டு கெட்ட ஆண்டுகளைத் தாங்குவார். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரால் முடியாது. நாட்கூலியால் அறவே முடியாது. ஆகவே மலை தன் கருவூலத்தை இழக்கும்போது முதலில் வறுமைப்படுவோர் அதை இழக்கச் செய்தவர் அல்லர்.

போடியின் தாகம் தீர்க்கும் கொட்டகுடி ஆறும் இந்தக் கருவூலத்தின் வட்டிதான். மேலே சோலையும் மக்குமண்ணும் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்ததைத்தான் ஆறு மெல்ல மெல்ல நமக்குத் தருகிறது. 2018 மார்ச் 11-ஆம் நாள் குரங்கணி மலையில் பரவிய தீ இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். காய்ந்த புல்லில் விழும் ஒரு பொறி, உயிரையும் கொண்டுபோகும். மலை ஆண்டுக்கணக்கில் சேர்த்ததையும் ஒரு மாலைப்பொழுதில் வானத்துக்கு அனுப்பிவிடும்.

இனிப் பணத்தின் பேச்சுக்கு வருவோம். கரியை வெளிவிடும் ஒரு கம்பெனி, வேறெங்கோ மரம் வளர்த்துக் கரியைச் சேர்ப்பவருக்குப் பணம் தந்து, அந்தச் சேமிப்பைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வதே கார்பன் கிரெடிட் என்பது. நம் நாட்டிலும் 2023-இல் கார்பன் கிரெடிட் வணிகத் திட்டமும் பசுமை வரவுத் திட்டமும் அறிவிக்கப்பட்டன. மலைச்சரிவு மக்களுக்கு இது வரமா, வலையா?

முதற்கேள்வி: யாருக்குப் பணம்? இந்தச் சந்தையின் விதிப்படி, பணம் இல்லாவிட்டால் நடந்திராத புதிய சேமிப்புக்கே மதிப்பு. தாத்தா காலத்திலிருந்து நிழல்மரத்தை வெட்டாமல் காத்தவருக்கு, அதைப் புதிதென்று காட்ட முடியாததால், பெரும்பாலும் ஒன்றுமில்லை. மொட்டையடித்துவிட்டு இன்று கன்று நடுபவருக்குப் பணம் கிடைக்க வழியுண்டு. ஊதாரி மைந்தன் உவமையில் வீட்டோடு இருந்து உழைத்த மூத்தமகன் வாசலில் நின்று முறையிட்டது நமக்குத் தெரியும். தந்தையின் வீட்டில் மூத்தவனுக்கும் பங்கு இருந்தது. அவனைத் தேடித் தந்தை வெளியே வந்தார். சந்தையில் அப்படி யாரும் வெளியே வருவதில்லை.

இரண்டாம் கேள்வி: எத்தனை ஆண்டு? கரிக்காக வளர்த்த மரம் பல பத்தாண்டுகள் நிற்கவேண்டும் என்று ஒப்பந்தம் கேட்கும். ஏழைக்கு மரம் என்பது சேமிப்பு. மகளின் கல்யாணத்துக்கோ, ஆஸ்பத்திரிச் செலவுக்கோ, ஒரு மரத்தை விற்று மானத்தைக் காப்பாற்றிக்கொள்வது நம் ஊர் வழக்கம். சிறு தொகைக்காக அந்த வாசலை அடைத்துக்கொள்வது எல்லாருக்கும் கட்டுப்படியாகாது.

மூன்றாம் கேள்வி: உரிமை யாருடையது? பட்டா உள்ளவர் கையெழுத்திடலாம். குத்தகை நிலத்தில் மரம் அரசுடையது என்றால், நிழலைக் காத்தவருக்கு என்ன கிடைக்கும்? சருகைக் கூட்டிச் செடியின் தூரில் அணைத்த பெண்ணின் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லையே! முதுவர், பளியர் முதலிய மலைமக்களுக்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டின்மீது சமூக உரிமை தந்திருக்கிறது. அவர்தம் கிராமசபையைக் கேளாமல் மரம் நடுவதும் வேலி போடுவதும், காட்டைக் காத்தவர்களையே காட்டுக்கு அந்நியராக்கிவிடும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' எனும் சுற்றுமடலில், கார்பன் கிரெடிட்டுகளை வாங்கி விற்பது புதுவகைச் சூதாட்டமாகி, வாயுவைக் குறைக்க உதவாமலே போகக்கூடும் என எச்சரித்தார். பூமியின் ஓலத்தையும் ஏழைகளின் ஓலத்தையும் ஒருசேரக் கேட்கவேண்டும் என்பதே அம்மடலின் சாரம். திருச்சபை மரத்துக்கு எதிரியல்ல, பணத்துக்கும் எதிரியல்ல. மரத்தின் பெயரால் ஏழை மறக்கப்படுவதற்கே எதிரி.

நல்வழிகளும் இல்லாமல் இல்லை. கேரளத்தின் வயநாட்டில் மீனங்காடி என்னும் பஞ்சாயத்து, கரிச் சமநிலை அடைவோம் என்று 2016-இல் புறப்பட்டது. அங்கே மர வங்கி என்றொரு திட்டம். விவசாயி வளர்க்கும் மரத்தை ஈடாக வைத்து, மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் வீதம் பத்தாண்டுகளுக்கு வட்டியில்லாக் கடனைக் கூட்டுறவு வங்கி தருகிறது. மரத்தை வெட்டும்போதுதான் கடனைத் திருப்ப வேண்டும். தொகை சிறிதே. ஆனால் உள்ளூர்ப் பஞ்சாயத்து, உள்ளூர் வங்கி, உள்ளூர்க் கணக்கு. அவசரத்துக்கு வெட்டும் உரிமையும் விவசாயியிடமே இருக்கிறது. ஆந்திரத்தின் அரக்குப் பள்ளத்தாக்கிலோ, ஆதிவாசி விவசாயிகள் காப்பியோடு பழமரங்களையும் பிற மரங்களையும் லட்சக்கணக்கில் நட்டனர். கார்பன் கிரெடிட்டுக்காக வெளிநாட்டுக் கம்பெனிகள் முதலீடு செய்தன. கிரெடிட் கம்பெனிக்கு, காய்கனியும் காப்பியும் விவசாயிக்கு என்ற ஏற்பாடு அது. இரண்டு இடங்களிலும் தனியொருவர் தனியாக நிற்கவில்லை, கூட்டாக நின்றார்கள். நாம் பாடம் பெறவேண்டியது இங்கேதான்.

மரம் எங்கும் நடலாம் என்பதும் சரியன்று. அண்டையிலுள்ள பழனி மலையின் உச்சிப் புல்வெளிகளில் சென்ற நூற்றாண்டில் சீகையும் தைலமரமும் பைனும் நடப்பட்டன. அவை பரவிப் புல்வெளியை விழுங்கின. புல்வெளியின் கரி வேரிலும் மண்ணிலும் பத்திரமாக இருப்பது. அதன்மேல் அயல்மரத்தை நட்டுக் கணக்கை ஏற்றிக்காட்டுவது, வீட்டை இடித்துத் திண்ணை கட்டுவதற்கு ஒப்பாகும்.

நம் சரிவுகளுக்கென்றே உரிய மரங்கள் உண்டு. போடிக்குப் பெயர் தந்த இலவமரத்தை எண்ணிப் பாருங்கள். மரத்தை வெட்டாமலே ஆண்டுதோறும் கோடையில் காய் தருகிறது. பஞ்சு எடுப்போர், மெத்தை தலையணை தைப்போர் எனப் பல கைகளுக்கு வேலை தருகிறது. மாவும் பலாவும் நிழற்காப்பியும் அப்படியே. கரியைச் சேர்த்துக்கொண்டே கூலியும் தரும் மரங்கள் இவை. மலைச்சரிவில் இவை நிற்பதற்கு உதவும் எந்தத் திட்டமும் ஏழைக்கு உகந்த திட்டமே.

எனவே இப்பொன்விழா ஆண்டில் நம் பங்கு மக்கள் முன் சில வேண்டுகோள்களை வைக்க விரும்புகிறோம்.

ஒன்று, கார்பன் பணம் தருவதாக யார் வந்தாலும், தனியே எவரும் கையெழுத்திட வேண்டாம். எத்தனை ஆண்டு, யார் அளப்பது, இடையில் உள்ளவருக்கு எவ்வளவு, மரம் காற்றில் விழுந்தால் பொறுப்பு யாருடையது என்ற நான்கையும் தமிழில் எழுதி வாங்கி, ஊர்க்கூட்டத்தில் படித்துப் பார்த்த பிறகே முடிவு செய்வோம்.

இரண்டு, சிறு விவசாயிகள் சங்கமாகவோ கூட்டுறவாகவோ சேரவேண்டும். வருவதில் ஒரு பங்கு தோட்டத் தொழிலாளருக்கென ஒதுக்கப்பட வேண்டும். அது எடுப்பில்லாத மாதங்களுக்கான உதவி நிதியாகலாம். பாதுகாப்பான வாகனத்துக்கோ குழந்தைகள் காப்பகத்துக்கோ பயன்படலாம். நிழலைக் காப்பது தோட்டக்காரரின் மனம் மட்டுமன்று, தொழிலாளியின் கையும் ஆகும். கைக்குக் கூலி கொடாதிருப்பது பாவம் என்று நம் ஞானோபதேசமே கற்பிக்கிறது.

மூன்று, நிழலைத் திரும்பக் கொண்டுவரும் தோட்டக்காரர்களை நாம் மதித்துப் பேசுவோம். நம் மறைமக்களில் தோட்டமுடையோர், அடுத்த கவாத்தின்போது எவ்வளவு வெட்டுவது என்பதோடு எவ்வளவு விடுவது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

நான்கு, கோடைத் தீயைத் தடுக்க இளைஞர்கள் வனத்துறையினரோடும் மலைமக்களோடும் சேர்ந்து, அவர்தம் வழிகாட்டலில், தீத்தடுப்புக் கோடு எடுக்க முன்வரவேண்டும்.

ஐந்து, சிறிது போலத் தோன்றுவது. கோவில் வளாகத்திலும் கல்லறைத் தோட்டத்திலும் நம் வீட்டுக் கொல்லையிலும் சருகைக் கூட்டிக் கொளுத்தும் வழக்கத்தை இந்த ஆண்டோடு நிறுத்துவோம். குழி வெட்டி மட்கவைப்போம். உலகக் கணக்கில் அது தூசு. ஆனால் விதவையின் இரு காசுகளைப் பெரிதென்று எண்ணியவர் நம் ஆண்டவர்.

அன்பர்களே, ஆதியாகமத்தில் ஆதிமனிதனைத் தோட்டத்தில் வைத்த இறைவன் அதைப் பண்படுத்தவும் காக்கவும் அவனைப் பணித்தார். பண்படுத்துவதற்கு நாம் கூலி பேசிப் பழகிவிட்டோம். காப்பதற்கும் கூலி உண்டென்று உலகம் இப்போதுதான் பேசத் தொடங்கியுள்ளது. அந்தக் கூலி, காத்தவரின் கைக்கே வந்து சேரவேண்டும். மலையின் கருவூலத்துச் சாவி மலையில் கால்வைத்தறியாதவரிடம் போய்விடலாகாது. ஐம்பதாம் ஆண்டில் நிலம் ஓய்வு பெறவும் ஏழை உரிமை பெறவும் கட்டளையிட்ட ஆண்டவர், நம் பங்கின் ஐம்பதாம் ஆண்டில் இவ்விரண்டையும் நம் மலைக்கு அருள்வாராக.